மோட்டார் நின்றால்

கடைக் கதவைத் தள்ளுவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மீன் வாடை இல்லை. மீன் வாடை என்னை ஒன்றும் செய்யாது, மார்க்கெட்டுக்குப் போகிறேன், வஞ்சிரம் வாங்குகிறேன், வீட்டில் நானே கழுவிக் கொடுக்கிறேன். இது உப்பு வாடை, ஈர இரும்பும் உப்பும் கலந்தது, மூக்கில் நிற்காமல் நேராக நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கொளத்தூரில் இந்தத் தெரு முழுக்க வண்ண மீன் கடைகள்தான். பாலிதீன் பைகளில் கப்பியும் ஃபைட்டரும் தொங்கும் கடைகளை வரிசையாகத் தாண்டித்தான் வந்தோம். அங்கெல்லாம் பாசி வாடை, குளத்து வாடை. அதில் எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தேன், ஒவ்வொரு கடையிலும் நின்று சாதனாவுக்கு எதையாவது காட்டினேன், அவள் எதையும் பார்க்கவில்லை. “அப்பா, நம்ம கடை கடைசியில இருக்கு” என்றாள். நம்ம கடை. கடல்தண்ணீர்த் தொட்டி விற்கிற கடைக்கு என் மகள் வைத்திருக்கும் பெயர் அது. ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தொட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது, ஜன்னலோர மேஜையில் காலியாக நிற்கிறது, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து அடியில் தெர்மகோல் கொடுத்து நானே நிறுத்தினேன். பாக்கி இருப்பது ஃபில்டர். எந்த ஃபில்டர் என்று முடிவு செய்ய வேண்டும், வாங்க வேண்டும், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமைக் காலையில் ஒரு அப்பா மகளோடு செய்கிற வேலை. ஆனால் கதவின் கைப்பிடியில் வைத்த என் கை ஈரமாக இருக்கிறது. அது என் வியர்வை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அதை முகர்ந்து பார்க்க வேண்டும் போல இருக்கிறது, உப்பா என்று, பிறகு வியர்வையும் உப்புதானே என்று தோன்றுகிறது, கையைப் பேண்டில் துடைத்துக்கொள்கிறேன். “தள்ளுப்பா” என்கிறாள். தள்ளுகிறேன்.

உள்ளே நீல வெளிச்சம். சுவர் நெடுக இரும்புச் சட்டங்களில் கண்ணாடித் தொட்டிகள், எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே திரும்பினாலும் சத்தம். சாதனா என் விரலை விட்டுவிட்டு ஒரு தொட்டியின் முன்னால் போய் நிற்கிறாள். பச்சையும் ஆரஞ்சுமாகப் பொத்தான் பொத்தானாக ஏதோ கல்லில் ஒட்டிக்கொண்டு வாய் திறந்து மூடுகிறது, பக்கத்தில் விரல்களை விரித்த கை மாதிரி வெளுத்த ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. மென்பவளம் என்று அவளே எனக்குப் போனில் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பள்ளியிலிருந்து மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப்போன அன்று ஆரம்பித்தது. அன்று வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல், “கடல் இவ்வளவு சின்னதா இருந்தா எனக்குப் பயமா இல்லப்பா” என்றாள். என் மனைவி வினோதினி சமையலறையிலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்கதை இருக்கிறது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், என் மச்சினன் மகன் பிறந்தநாளுக்காகத் திருவான்மியூர் கடற்கரைக்குப் போயிருந்தோம். நான் வழக்கம்போலத் தார்ச்சாலையைத் தாண்டவில்லை, கார் பக்கத்திலேயே கேக் பெட்டிக்குக் காவல் நிற்பதுபோல நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் தண்ணீரை நோக்கி ஓடின. சாதனாவும் ஓடினாள். ஈரமணல் தொடங்கும் இடத்தில் சட்டென்று நின்று திரும்பி, அவ்வளவு தூரத்திலிருந்து என் முகத்தைத் தேடினாள். தேடிப் பார்த்தவள் அப்படியே நடந்து திரும்பி வந்துவிட்டாள். பிறகு எவ்வளவு கூப்பிட்டும் போகவில்லை. கால் வலிக்கிறது என்றாள், மணல் குத்துகிறது என்றாள், கடைசியில் அழுதாள். வீட்டுக்கு வந்ததும் வினோதினி சொன்னாள், “உங்க முகத்தப் பாத்துட்டுதாங்க திரும்பிச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.” கோபமாகச் சொல்லவில்லை. “நீங்க ஒண்ணும் சொல்லாமலே அதுக்கு வந்துடுச்சு. எங்கேருந்து வந்துச்சுன்னுகூட அதுக்குத் தெரியாது” என்றாள். என்னிடமிருந்து அவளுக்கு என் காது வந்திருக்கிறது, நெற்றி வந்திருக்கிறது, அதெல்லாம் சரி. அன்று தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, அவளே அவளுக்காக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றால் நான் அதை அடைத்துவிடக் கூடாது என்று முடிவு செய்தேன். படுத்துக்கொண்டு முடிவு செய்வது சுலபம்.

“வாங்க சார், வா பாப்பா” என்று எட்வின் வருகிறார். கடைக்காரர், தொப்பைக்கு மேலே ஈரத் துண்டு போர்த்தியிருக்கிறார், எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வார். போன முறை வந்தபோது தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு ஃபில்டர் பற்றிப் பேச்சு வந்ததும் போன் வந்ததாக நடித்து வெளியே ஓடிவிட்டேன், அவருக்கு அது நினைவிருக்கக் கூடாது. “ஃபில்டர்தானே சார், ஃபில்டர்தானே. மூணு வழி இருக்கு, காட்டறேன்.” முதலில் ஒரு தொட்டியின் விளிம்பில் மாட்டியிருக்கும் பெட்டியைக் காட்டுகிறார். ஹாங் ஆன். சின்ன மோட்டார் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது, பஞ்சும் கரியும் வழியாக ஓட்டி, ஒரு அகலமான வாயிலிருந்து திரும்பத் தொட்டிக்குள்ளேயே கொட்டுகிறது. கொட்டுகிறது என்றால் அருவி மாதிரி, பட்டையாக, நிறுத்தாமல். “சின்னத் தொட்டிக்கு இது போதும் சார். கல்லுதான் பாதி வேலையப் பாக்கும், கல்லுல பாக்டீரியா இருக்கும், மீன் போடற அழுக்க அது தின்னுக்கும். இது மீதியப் பாக்கும். வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்திட்டா பவளம் தானா வளரும்.” நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பேச்சு எனக்கு வந்துகொண்டிருக்கிறது, ஆனால் தண்ணீர் தண்ணீரில் விழுகிற சத்தத்துக்குப் பின்னாலிருந்து வருகிறது. இந்தச் சத்தம் வீட்டில் இருக்கும். நான் சாப்பிடும்போது இருக்கும், பேப்பர் படிக்கும்போது இருக்கும், தூங்கப் போகும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். எங்கள் வீட்டில் நான் குழாயைச் சொட்ட விடமாட்டேன், மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் அடுத்த பிளாக்காக இருந்தாலும் இறங்கிப் போய் மோட்டாரை அணைத்துவிட்டு வருவேன், அபார்ட்மெண்டில் எனக்கு அதனால் நல்ல பெயர், பொறுப்பான மனுஷன் என்கிறார்கள். பொறுப்பு இல்லை. தண்ணீர் சுவரில் வழிந்து தரையில் விழுகிற சத்தம் கேட்டால் என் கைகள் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகின்றன, அவ்வளவுதான். “சத்தமில்லாம எதுவும் இல்லீங்களா?” என்று கேட்கிறேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. சாதனா மட்டும் தொட்டியை விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். உடனே நான் முகத்தைச் சரிசெய்துகொள்கிறேன், புன்னகைக்கிறேன், அவள் புன்னகைக்கவில்லை, அந்த ஈரமணலில் நின்று பார்த்தாளே, அதே பார்வை.

சத்தமில்லாதது இருக்கிறது. கேனிஸ்டர். மூடிய டப்பா, குக்கர் மாதிரி கிளிப் போட்டு இறுக்கி மூடியது, மேஜைக்கு அடியில் வைத்துவிடலாம், ஒரு குழாய் உள்ளே ஒரு குழாய் வெளியே. எட்வின் அதன்மேல் என் உள்ளங்கையை வைக்கச் சொல்கிறார். லேசான அதிர்வு, பூனை வயிற்றைத் தொட்டதுபோல. காதில் ஒன்றுமே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் தளர்கிறது. இதுதான், இதையே வாங்கிவிடலாம், கடல் வீட்டில் இருக்கும், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கும். பணம் எடுக்கப் பாக்கெட்டில் கை விட்டேவிட்டேன். ஆனால் என் வேலை என்னை விடுவதில்லை. நான் லிஃப்ட் பராமரிப்பவன். கல்லூரி முடித்ததிலிருந்து இந்த ஊரின் கட்டடங்களில் ஷாஃப்ட்டுகளுக்குள் நின்றுதான் சம்பாதிக்கிறேன். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் எனக்கு வருகிற முதல் கேள்வி கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதுதான். லிஃப்டில் பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே கரண்ட்தான். கரண்ட் போன மறுகணம் பிரேக் தானாகக் கவ்விக்கொள்ளும், பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். பலருக்கு இது தெரியாது. கரண்ட் போனால் லிஃப்ட் விழுந்துவிடும் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், நான் சிரித்துக்கொண்டே விளக்குவேன், பயப்படாதீங்க, அது நிக்கறதுக்காகவே செஞ்சது. இந்தத் தொழிலை நான் எதற்கு எடுத்தேன் என்று யாரும் கேட்டதில்லை. “இது நின்னுபோச்சுன்னா எப்படித் தெரியும்?” என்கிறேன். எட்வின் தலையைச் சொறிகிறார். “அதுதான் சார். சத்தமில்லாததுல அது ஒண்ணு. தெரியாது. மாதவரத்துல நம்ம கஸ்டமர் ஒருத்தர், கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டாரு, பிளக் லூசாகி மோட்டார் நின்னுபோச்சு. மூடின டப்பா பாருங்க, உள்ள காத்து இல்ல, பாக்டீரியா எல்லாம் செத்துப் போயி அழுகிடுச்சு. வந்து பாத்தாரு, ஐயோ நின்னிருக்கேன்னு அப்படியே பிளக்க அழுத்திட்டாரு. உள்ள இருந்த விஷம் முழுக்க தொட்டிக்குள்ள போயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணும் மிஞ்சல. பவளமெல்லாம் கஞ்சி மாதிரி கரைஞ்சு போச்சு சார், கஞ்சி மாதிரி.” அவர் அதைக் குழந்தையின் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். சாதனாவின் கை கண்ணாடியில் அப்படியே நிற்கிறது. என் மனம் அதற்குள் ஓடிப்போய்விட்டது. ஒரு நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வருகிறாள், ஓடிப்போய்த் தொட்டியைப் பார்க்கிறாள், தண்ணீர் வெளுத்துப்போய்க் கிடக்கிறது, ஒன்றும் வாய் திறக்கவில்லை, ஒன்றும் ஆடவில்லை. அப்போது அவள் எங்கே திரும்பிப் பார்ப்பாள். என் முகத்தைத்தான். என் முகத்தில் என்ன இருக்கும். சின்னதாக இருந்தாலும் கடல் கொல்லும் என்று அன்று அவளுக்குத் தெரிந்துவிடும், பிறகு அவளுக்கு வேறு வழி ஏது. உள்ளங்கையை டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பூனை வயிறு என்று நினைத்தேனே, இப்போது அதைத் தொட அருவருப்பாக இருக்கிறது.

“மூணாவது என்ன?” மூணாவது சம்ப். கடையின் நடுவில் இருக்கும் பெரிய தொட்டிக்குக் கீழே, பெட்டிக் கதவைத் திறந்தால் இன்னொரு தொட்டி, தடுப்புத் தடுப்பாக. மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்குகிறது, பஞ்சு, நுரை கிளப்பி அழுக்கை எடுக்கிற ஒரு உயரமான உருளை, கல், எல்லாம் தாண்டிக் கடைசித் தடுப்பில் இருக்கும் மோட்டார் திரும்ப மேலே ஏற்றுகிறது. “ராஜா சார் இது, ராஜா. உங்க தொட்டியக் கொண்டாங்க, ஓட்டை போட்டுத் தர்றேன்.” ஓட்டை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர், நடுவில் ஒரு குழாய், இரண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்தி வைத்திருப்பது ஒரு மோட்டார். “கரண்ட் போனா மேல இருக்கற தண்ணி கீழ வந்துடுமே” என்கிறேன். “கொஞ்சம் வரும் சார். வந்து நின்னுடும்.” “நிக்காம வந்துட்டா?” “நின்னுடும் சார்.” “கீழ இருக்கறது தாங்குமா?” “தாங்கும் சார், அதுக்குன்னு இடம் விட்டுருக்கு.” இன்னும் ஒரு தடவை கேட்டேன் என்று நினைக்கிறேன், அல்லது கேட்க வாயெடுத்தேன், எட்வின் சிரித்துவிட்டு, “எதுக்கு சார் வாயால பேசிக்கிட்டு, பாத்துடலாம்” என்று சொல்லிச் சுவரோரமாகப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பவன், காட்டுகிறேன் என்பவரை எப்படி வேண்டாம் என்பது. அவர் அந்தப் பெரிய தொட்டியின் சுவிட்சை மட்டும் அணைப்பார் என்று நினைத்தேன். அவர் மெயினைத் தள்ளிவிட்டார்.

நீல வெளிச்சம் போய்விட்டது. கண்ணாடிக் கதவு வழியாக வருகிற பகல் வெளிச்சத்தில் எல்லாத் தொட்டிகளும் சாம்பல் நிறமாக நிற்கின்றன. சத்தம் நின்றது. அருவிகள் நின்றன, குமிழிகள் நின்றன, உள்ளே வந்ததிலிருந்து என்னைச் சுற்றி இருந்த இரைச்சல் முழுவதும் ஒரே நேரத்தில் இல்லாமல் போயிற்று. எனக்கு இது தெரியும். இந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். எங்கள் ஊர் கீச்சாங்குப்பத்தில் டீக்கடை வாசலில், கையில் தூக்கோடு. அப்பா மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார், டீயும் பன்னும் வாங்கிட்டு வாடா என்று அனுப்பியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் ஏதோ பாட்டு, கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றிய கை அப்படியே நின்றது, அவர் தலையை நிமிர்த்தினார், நானும் நிமிர்த்தினேன். என்ன என்று தெரியவில்லை. ஏதோ குறைகிறது. பிறந்ததிலிருந்து காதில் இருந்த ஒன்று, எப்போதும் இருந்ததால் கேட்காமலே போன ஒன்று, அலைச் சத்தம், அது இல்லை. கடல் நின்றுபோயிருந்தது. நாய் ஒன்று என்னைத் தாண்டி மேற்கே ஓடியது. பிறகு வந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், கறுப்புத் தண்ணீர், பனை உயரம், இரைச்சல். எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, அம்மா இன்றைக்கும் ‘அன்னைக்கு’ என்று மட்டும்தான் சொல்கிறாள். நான் மீனவர் சங்கக் கட்டடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தாடை வரைக்கும் வந்தது, கட்டிலும் கோழிக்கூண்டும் படகின் உடைந்த பலகையும் என்னைத் தாண்டிப் போயின. பிறகு அது திரும்பிப் போனபோது, அந்தச் சந்து முழுக்க ஒரு பெரிய தொண்டை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் இப்போது இந்தக் கடையில் கேட்கிறது. பெரிய தொட்டியின் குழாய் உறிஞ்சுகிறது, மேலே இருந்த தண்ணீர் கொடகொடவென்று இறங்குகிறது. நான் குனிந்து கீழ்த் தொட்டியைப் பார்க்கிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீர்மட்டம் ஏறுகிறது. தடுப்புகள் ஒவ்வொன்றாக மூழ்குகின்றன. நுரை உருளையின் இடுப்பு வரை ஏறுகிறது. நின்னுடும் என்றார். நிற்கவில்லை. விளிம்புக்கு ஒரு சாண் இருந்தது, இப்போது இல்லை. சாதனா எங்கே, சாதனா கீழே நிற்கக் கூடாது, மேலே ஏற்று, எதன்மேலாவது ஏற்று. ஆனால் என் இரண்டு கைகளும் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்கின்றன, விட மறுக்கின்றன, விரல்களுக்கு நான் சொல்வது கேட்கவில்லை. ஏறுகிறது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்தபோது குழாய் ஒரு தடவை விக்கியது, காற்றை இழுத்தது. தண்ணீர் நின்றது. கொஞ்சம் ஆடிவிட்டு அப்படியே அசையாமல் நின்றது, அது நிற்பதற்காகவே யாரோ கணக்குப் போட்டு வைத்த இடத்தில்.

“பாத்தீங்களா சார், நின்னுடுச்சு, நின்னுடுச்சு” என்று எட்வின் இருட்டிலிருந்து சொல்கிறார். என் முழங்கைக்குக் கீழே ஏதோ சூடாகத் தொடுகிறது, சாதனாவின் கை. சட்டத்தைப் பிடித்திருக்கும் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். பிறகு அவர் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்கிறாள், “அப்பா, உனக்குத் தண்ணின்னா பயமா?” இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருஷமாக அது அங்கேயே தயாராக உட்கார்ந்திருக்கிறது. கேக் பெட்டிக்குக் காவல், காலில் சுளுக்கு, வெயில் ஒத்துக்காது, மணல் ஒத்துக்காது. அவளும் அன்று மணல் குத்துகிறது என்றாளே. என் சொல்லையே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். “ஆமாம் பாப்பா” என்கிறேன். “ரொம்பப் பயம்.” அவள் அதிரவில்லை. தோள்கள் கீழே இறங்குவதைத்தான் பார்த்தேன், பாரமான புத்தகப் பையைக் கழற்றி வைத்ததுபோல. “எனக்கும் அப்பப்ப வரும். ஏன்னு தெரியாது” என்றாள். “எனக்கு ஏன்னு தெரியும்” என்றேன். கடையின் நடுவில், பாதி இருட்டில், தரையில் குந்தி உட்கார்ந்து அவள் உயரத்துக்கு வந்தேன். “வீட்டுல மாலை போட்ட படம் இருக்குல்ல, தாத்தா. சாமிகிட்டப் போயிட்டாருன்னு சொல்லிருக்கேன்ல. அவரு கடல்லதான் போனாரு. ஒரு நாள் கடல் ஊருக்குள்ள வந்துச்சு. நான் அப்ப ஸ்கூல் படிச்சுட்டு இருந்தேன். நான் ஒரு கம்பியப் புடிச்சுக்கிட்டேன், தாத்தா கரையில இருந்தாரு, அவருக்குப் புடிச்சுக்க ஒண்ணும் கெடைக்கல.” இவ்வளவுதான் சொல்ல இருந்தது. இதைச் சொன்னால் ஏதாவது உடையும் என்று நினைத்திருந்தேன். அவள் யோசித்தாள். “திரும்ப வருமா?” என்று கேட்டாள். பொய் சொல்ல மறுபடியும் வாய் தயாரானது, நான் அதைத் தடுத்தேன். “எப்பவாவது வரலாம். வந்தா இப்ப முன்னாடியே சொல்லிடுவாங்க, போன்ல வரும். அப்ப நம்ம எல்லாரும் மேல ஏறிடுவோம்.” “அம்மாவும்?” “அம்மாவும்.” “அன்னிக்கு தாத்தாகிட்ட யாரும் சொல்லலையா?” “யாருக்கும் தெரியாது பாப்பா அப்ப.” அவள் தலையை ஆட்டினாள். சொன்னதால் பயம் போய்விடவில்லை. அது என்னோடு அதே இடத்தில் இருந்தது, ஆனால் இப்போது நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்வின் மெயினைப் போட்டார். வெளிச்சம் வந்தது, ஒன்று ஒன்றாக மோட்டார்கள் உறுமி எழுந்தன, அருவிகள் திக்கித் திணறி மறுபடி விழ ஆரம்பித்தன, கடை முழுக்க இரைச்சல் திரும்பி வந்தது. அப்போது என் உடம்பு செய்த காரியம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அது மூச்சு விட்டது. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டு என் உடம்பு மூச்சு விட்டது. இத்தனை வருஷமாக நான் தவறான ஆளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேனா. சத்தம் இருந்த வரைக்கும் கடல் அங்கேயேதான் இருந்தது, நான் டீ வாங்கப் போனேன், அப்பா வலை பிரித்தார், ரேடியோ பாடியது. சத்தம் நின்றபோதுதான். ஓடாத லிஃப்டைவிட முனகாத லிஃப்டைத்தான் நம்பக் கூடாது என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்பவன் நான், அதை என் வீட்டுத் தண்ணீருக்குப் பொருத்திப் பார்க்க இவ்வளவு காலமாயிற்று. பேசாத டப்பா வேண்டாம். ராஜாவும் வேண்டாம், மேலொரு தண்ணீரையும் கீழொரு தண்ணீரையும் வீட்டில் வைத்துத் தூங்குகிற தைரியம் எனக்கு இன்னும் இல்லை, அதை ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. “முதல்ல காட்டினீங்களே, அது” என்கிறேன். எட்வின் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். “ஹாங் ஆனா? சார், அது சத்தம் போடும். நீங்கதான் சத்தம் வேணாம்னீங்க.” “போடட்டும். நின்னா வீட்டுல எல்லாருக்கும் தெரியும்ல.” “தெரியும் சார், நல்லாவே தெரியும். அது நின்னாலும் தொட்டித் தண்ணி தொட்டியிலேயேதான் இருக்கும், எங்கேயும் போகாது.” எங்கேயும் போகாது. அவர் வழக்கம்போல அதை இரண்டாவது தடவை சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. பேட்டரியில் ஓடுகிற குட்டி காற்று மோட்டார் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன், கரண்ட் இல்லாத நேரத்துக்கு.

“இப்ப கல்லு எடுத்துக்கலாம் சார். கல்லு ஊறி, தண்ணி பக்குவமாகட்டும், பொறவு வந்து பவளம் எடுத்துக்கங்க. கடல்ல இருந்து எடுத்த கல்லு இல்ல, எடுக்கவும் கூடாது, இது நம்மளே செஞ்சு ஊறப் போட்டது.” கடையின் பின்பக்கம் ஒரு பெரிய நீலத் தொட்டி, இடுப்பு உயரம், கறுத்த தண்ணீருக்கு அடியில் கற்கள் மங்கலாகத் தெரிகின்றன. எட்வினுக்கு அப்போது வாசலில் வேறு யாரோ வந்துவிட்டார்கள். “பாத்து எடுத்து வைங்க சார், துளை அதிகமா இருக்கறதா பாத்து எடுங்க, இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சாதனாவும் நிற்கிறோம். வாடை இங்கே முகத்தில் அடிக்கிறது. அடி தெரியாத தண்ணீர். அவர் வரட்டும் என்று காத்திருக்கலாம். அவர் வந்து எடுத்துக் கொடுப்பார், பையில் போட்டுக் கொடுப்பார், நான் பையைத்தான் தொடுவேன், தண்ணீரைத் தொட வேண்டியதில்லை. சாதனா விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். இந்த முறை என் முகத்தை நான் சரிசெய்யவில்லை. அது எப்படி இருந்ததோ அப்படியே அவளுக்குக் காட்டினேன். சட்டைக் கையை மடித்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு நான் கடல்தண்ணீரைத் தொட்டதில்லை. விரல் நுனிகள் முதலில். குளிராக இருக்கும், கம்பி மாதிரி ஜில்லென்று இருக்கும் என்று தோள்பட்டை வரைக்கும் இறுக்கி வைத்திருந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. தண்ணீர் என் கையைச் சுற்றி லேசாக அசைகிறது, எங்கோ ஒரு மோட்டார் அதை அசைத்துக்கொண்டிருக்கிறது, அந்த மோட்டாரின் சத்தம் எனக்குக் கேட்கிறது, கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அடியில் ஒரு கல் விரலில் தட்டுப்பட்டது, சொரசொரப்பாக, துளை துளையாக. பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இன்னொரு கை தண்ணீருக்குள் வந்தது, சின்னது, வளையல் போட்டது. அவள் கைக்குக் கல் எட்டவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, உன் கை நடுங்குது” என்றாள்.

“ஆமா, நடுங்குது” என்றேன். கையை எடுக்கவில்லை. “கெட்டியாப் புடிச்சுக்கோ, தூக்கலாம்.”